எலும்பெடுக்க ஒரு ஜோடி

மித்சுவோவின் அம்மா செத்துப்போன சேதியை அவன் அண்ணன் கசுனாரி போனில் சொன்னான். கூடவே, "தகனத்துக்கு அவனைக் கூட்டிட்டு வந்துடாதீங்க. சொந்தக்காரங்க முன்னால மானம் போயிடும்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜப்பானில், மத்சுமோதோ நகரில் நான் பார்த்துக்கொள்ளும் காப்பக வீட்டில் நாலு ஆண்கள் இருக்கிறார்கள். வயது ஏறியும் மனசு குழந்தையாகவே நின்றுவிட்டவர்கள். சமையல், மருந்து, சண்டை தீர்ப்பது எல்லாம் என் பாடு. மித்சுவோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

"பெத்தவளை வழியனுப்பக்கூட அவனுக்கு உரிமை இல்லையா? கூட்டிட்டுதான் வருவேன்" என்று போனை வைத்தேன்.

வீறாப்பாகப் பேசிவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். எங்கள் வழக்கப்படி, எரித்தபின் ஒரே எலும்பை உறவினர் இரண்டு பேர் சேர்ந்து, சாப்பிடும் குச்சிகளைப் போன்ற குச்சிகளால் எடுத்துக் கலயத்தில் போடவேண்டும். இவனோ சோற்றுக்கே கரண்டி பிடிப்பவன். சாப்பாட்டு மேசையிலேயே முள்ளங்கி ஊறுகாய்த் துண்டை வைத்துப் பழக்கினேன். எலும்பெடுப்பதுபோல் ஒரே துண்டை இரண்டு பேர் குச்சியால் பிடிப்பது சாப்பாட்டில் அபசகுனம்.

உடன் இருக்கும் ரியோஹெய் குதித்தான். "சத்சுயே அக்கா, நாங்க செஞ்சா கையில ஒண்ணு போடுவீங்க! இப்ப நீங்களே சொல்லித் தர்றீங்க!"

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடிடா."

விழுந்து விழுந்து, கடைசியில் துண்டு கிண்ணத்துக்குள் போனது. மித்சுவோவுக்கு வாயெல்லாம் பல். "அம்மாவைக் கீழ போடமாட்டேன்க்கா" என்றான்.

மயானத்தில் உறவினர்கள் ஜோடி ஜோடியாக வந்து எடுத்தார்கள். மித்சுவோ குச்சியை நீட்டிக்கொண்டு நின்றான். எதிரே ஒருவரும் வரவில்லை. நான் போகலாமென்றால், உறவு இல்லை.

"அண்ணா, நான் பழகிட்டேன். நீ அந்தப் பக்கம் பிடி."

"பேசாம ஓரமா நில்லு" என்று கசுனாரி பல்லைக் கடித்தான்.

மித்சுவோ குச்சியை வைத்துவிட்டு வெறுங்கையால் ஓர் எலும்பை எடுத்துவிட்டான். "ஐயையோ!" என்று அத்தைக்காரி அலறினாள். சூட்டில் அவன் முகம் கோணியது.

"போட்டுடுடா, கை வெந்துடும்!" என்று பதறினேன்.

அவன் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதினான்.

"அம்மாவுக்குச் சுடுது. அண்ணா, நீயும் ஊது."

கசுனாரி அசையவில்லை. உறவாவது மண்ணாவது என்று நான்தான் போய், குனிந்து ஊதினேன்.