நனைந்த மரத்தூள் கட்டி

என் மனைவியின் அண்ணன் ஒரு சலவை ஆலையில் பாய்லர்காரர். நானும் அங்கேதான், பாய்லர் நீராவியில் சூடேறி, விரிப்பைக் காயவைத்துத் தேய்த்துத் தரும் உருளை மெஷினில் நிற்கிறேன். அவரை எல்லோரும் ‘கங்கு’ என்றே கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் சுடும்.

இளவயதில் நிலக்கரி பாய்லரில் தேறிய கை அது. கரித்தூள் பறந்து புகைபோக்கி வழியாக வீணாகப் போகாமல் இருக்க, லேசாகத் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே போடுவார்களாம்.

எங்கள் ஆலையில் வெகுகாலம் விறகுதான். எந்த எரிபொருளுக்கும் கிலோவுக்கு இவ்வளவு சூடு என்று ஓர் அளவு உண்டு. கலோரி மதிப்பு என்பார்கள். காய்ந்த விறகைவிட நல்ல நிலக்கரி சுமார் ஒன்றரை மடங்கு தரும். டீசல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மரத்தூளை அழுத்திச் செய்யும் கட்டியில் ஈரம் கம்மி, அதனால் விறகை ஒரு படி முந்தும். கட்டி விற்கும் ஓர் அம்மா இதைச் சொல்லக் கேட்டு முதலாளி ஒரு லாரி கட்டி இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாகக் கிடந்தன. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனால் பாய்லரை அணைக்க வேண்டியதுதான். கங்குவும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவரோ வந்ததும் வராததுமாகக் குவியலில் தூசி பறப்பதைப் பார்த்து, பழைய ஞாபகத்தில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார். கட்டி ஊதி உடைந்து மாவாகிவிட்டது. அடுப்பில் போட்டால் வெறும் புகை. அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. என் உருளை ஆறிப்போய், விரிப்பு போட்டபடியே ஈரமாக வெளியே வந்தது.

அந்த அம்மாவை முதலாளி வரவழைத்தார்.

“என்னம்மா, விறகைவிட சூடுன்னு சொன்னீங்க? இது கொசு விரட்டக்கூட ஆகாது போல!”

அந்த அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளி வாய் திறப்பதற்குள் கங்கு முந்திக்கொண்டார்.

“அவங்க மேல தப்பில்ல முதலாளி. தண்ணி அடிச்சது நான்தான்.”

“உனக்கென்னய்யா கிறுக்கா?”

“கரிக்கு அடிப்போம்ல... அதே நெனப்பு.”

அந்த அம்மா கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அண்ணே, நான் குடுத்தது சூடு. நீங்க அதைக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க. அது முதல்ல தன் தலையத் துவட்டிட்டுத்தானே உங்களுக்கு வேலை பாக்கும்? அடியில நனையாதது இருக்கும், தோண்டுங்க.”

தோண்டினோம். அடைத்துக்கிடந்த அடுப்பை வழித்துவிட்டு, காய்ந்த கட்டியாகப் பொறுக்கிப் போட்டோம். முள் மெல்ல ஏறியது. விரிப்புகள் பொழுது சாயத்தான் போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

முதலாளி பாய்லர் அறை வாசலில் வந்து நின்றார். கங்குவின் கணக்கைத் தீர்த்து அனுப்பத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு என்ன போடப்போற?”

“காஞ்சது முதலாளி.”

“ம்... சீக்கிரம் வந்து சேரு.”

அவ்வளவுதான். நனைந்த தூளை முற்றத்தில் பரப்பிக் காயவைக்கிற வேலையும் கங்குவின் தலையிலேயே விழுந்தது. “மாப்ள, சும்மா நிக்காம ஒரு கை புடி” என்றார். பிடித்தேன். பெண்டாட்டியின் அண்ணனாயிற்றே, வேறு என்ன செய்ய?