வெள்ளைப் பெயின்ட் மஞ்சளாகத் தெரிந்த நாள்

போன வருடம் பங்குனி மாதம், திருகோணமலை துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு ஹாட்வெயார் கடையில் நடந்தது இது. அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கணவர் எங்கள் கடற்கரை ஊரான சல்லியில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். முப்பது வருடமாக அதுதான் தொழில். சில வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போய், கிளினிக்கில் டிஜொக்சின் என்ற குளிசையும், உடம்பில் தேங்கும் நீர் சலத்தோடு போவதற்கு இன்னொரு குளிசையும் கொடுத்தார்கள். அவர் மறதிக்காரர் என்பதால் குளிசைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பங்குனியில் அவருக்கு வயிற்றோட்டமும் சத்தியும் வந்தது. வயிற்றோட்டம் இரண்டு நாளில் குறைந்துவிட்டது, சத்தி நிற்கவில்லை. காலையில் குளிசையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுக்க வெளியே ஓடுவார். குளிசையும் சத்தியோடு போயிருக்கும் என்று நினைத்து நான் இன்னொன்று கொடுப்பேன். இப்படியே ஒரு கிழமை. சாப்பாட்டில் மனமில்லை, எந்த நேரமும் களைப்பு. ஒருநாள் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இதுக்கேன் மஞ்சள் போட்டனீ?" என்று கேட்டார். வருத்தக்காரர் ஏதோ சிணுங்குகிறார் என்று நான் விட்டுவிட்டேன்.

சீசன் தொடங்குமுன் ஒரு வள்ளத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏலாத உடம்போடு கடற்கரைக்குப் போனவர், ஒரு மணித்தியாலத்தில் பெயின்ட் டின்னோடு திரும்பி வந்தார். வெள்ளை கேட்டு வாங்கியதாகவும் உள்ளே மஞ்சள் இருப்பதாகவும் சொன்னார். நிறத்தில் அவருடைய கண் பிழைக்காது என்று ஊருக்கே தெரியும். நான் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன்.

கடையில் கூடுதலாகக் கதைத்தது நான்தான். வருத்தக்கார மனிசனை இப்படியா ஏமாற்றுவது என்று முதலாளியைக் கேட்டேன். இனி எங்கள் ஊரில் ஒருவரையும் இந்தப் பக்கம் வர விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றி, டின்னை எங்கள் பக்கம் திருப்பினார்.

உள்ளே இருந்தது சுத்தமான வெள்ளை.

"பாருங்கோ, மஞ்சள்தானே," என்றார் என் கணவர்.

கடையில் நின்ற எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இந்த மனிசனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

குழாய் வாங்க வந்து நின்ற ஒரு பெண் கிட்ட வந்தார். அறுபது வயதிருக்கும்.

"அண்ணை, நீங்கள் ஏதும் குளிசை பாவிக்கிறனீங்களோ?"

நான்தான் முந்திக்கொண்டு இரண்டு குளிசையின் பெயரையும் சொன்னேன். முதலாளி தன்னுடைய கதிரையையே இழுத்துப் போட்டார். அந்தப் பெண் என் கணவரை அதில் இருத்தி, மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நாப்பதுக்கும் குறையத்தான் துடிக்குது. சத்தி ஏதும் இருந்ததோ?"

"ஒரு கிழமையா இருக்கு. ஆனா குளிசை ஒண்டும் தவறேல்ல. சத்தி எடுத்தா உடன இன்னொண்டு குடுத்திடுவன்," என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன் போலும்.

அவர் முகம் மாறியது. ஆனால் என்னை ஏசவில்லை.

"தங்கச்சி, இந்தக் குளிசை உடம்பில கூடினாலும் சத்தி வரும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியும். இனி ஒண்டும் குடுக்காதீங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நான் அவ்வளவு கதைத்தும், முதலாளி றோட்டுக்கு ஓடிப்போய் ஓட்டோவை மறித்தார். அந்தப் பெண் வாங்க வந்ததை விட்டுவிட்டு எங்களோடு ஏறினார். வார்ட்டில் நேர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பது போகும் வழியில்தான் தெரிந்தது.

நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியில் மருந்தளவைப் பார்த்துவிட்டு டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். வயிற்றோட்டத்திலும் சலத்துக்கான குளிசையிலும் உடம்பின் உப்புகள் குறைந்துபோயிருந்தனவாம். அப்படியான நேரத்தில் வழமையான அளவே நஞ்சாகலாமாம். நான் அதை இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறேன். அந்த நஞ்சால் வந்த சத்திக்குத்தான் மேலும் மேலும் குளிசை கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டொரு நாள் போயிருந்தால் ஆளே இல்லை என்றார்.

வராந்தாவில் இருந்து அழுதேன். என் கையாலேயே கொல்லப் பார்த்தேனே என்பதுதான் மனதில் ஓடியது. அந்தப் பெண் பின்னேரம் வரை என் பக்கத்தில் இருந்தார்.

"நீங்கள் அக்கறையிலதான் குடுத்தனீங்கள். தெரியாட்டி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்," என்றார்.

ஐந்து நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் என் கணவர் சுவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இது சரியான வெள்ளை இல்ல, சாம்பல் கலந்திருக்கு," என்று குறை சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாளே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்கோ அக்கா. அண்ணை எப்பிடி?" என்றார் முதலாளி.

இப்போது சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுவோம். ஒரு நேரக் குளிசை தவறினாலும் அடுத்த நேரம் இரண்டாகக் கொடுப்பதில்லை. காய்ச்சலுக்கு வேறு டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் ஒரு மருந்தும் வாங்குவதில்லை. காலையில் குளிசைக்கு முன் நாடியை எண்ண வேண்டும், அறுபதுக்குக் குறைந்தால் கொடுக்காமல் கேட்க வேண்டும் என்று அவருக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய கையை ஒரு முழு நிமிடம் கதைக்காமல் பிடித்துக்கொண்டு நான் இருந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு காலையும் இருக்கிறேன், சில நாள் எண்ணி முடித்த பிறகும் விடுவதில்லை.