குழைக்கு எழும்பிய குட்டி

பிள்ளைகளே, ஆட்டுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிற மனிதரை நான் முதன்முதலாகக் கண்டது டென்மார்க்கில்தான். எண்பத்தாறாம் ஆண்டு. விபோர்க்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அடுத்த வளவுப் பண்ணைக்காரர் தன்னுடைய வெள்ளைக் குட்டி ஒன்றை என் மகளிடம் கொடுத்து, கோடையில் நடக்கும் சிறுவர் கால்நடைக் கண்காட்சிக்குப் பழக்கச் சொன்னார். அவளுக்குப் பதினொரு வயது.

என்ன பழக்குவது? நடக்கப் பழக்குவதாம்! கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டி பக்கத்தில் நடக்க வேண்டும். நில் என்றால் நாலு காலையும் ஒழுங்காக ஊன்றி நிற்க வேண்டும். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் வந்து பார்த்துப் புள்ளி போடுவாராம். நாலு காலில் நிற்கத் தெரியாத ஆடு உலகத்தில் எங்கே இருக்கிறது?

"கறிக்குப் போறதுக்கு நடை என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அப்பா, சும்மா இருங்கோ. வகுப்பில எல்லாரும் பாக்க வருகினம். ஒருத்தரும் சிரிக்காமல் ஒருக்காச் சுத்தி வந்தால் எனக்குக் காணும்."

அந்த வகுப்பில் கறுத்த பிள்ளை அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டியோடு ஒழுங்கையில் நடப்பாள். நான் யன்னலில் நின்று சிரிப்பேன்.

அவர்கள் தீன் வைக்கிற விதம் அதைவிட மோசம். மாவுருண்டையை வாளியில் கொட்டி மூக்குக்குக் கீழே வைப்பார்கள். வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு ஆடா? நான் வேலியோரத்தில் இலைக்குழை முறித்து, கொட்டிலின் கூரை வளையில் எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று தின்ன வேண்டும். அப்போதுதான் தொடை இறுகும். யாழ்ப்பாணத்தில் ஆடு வளர்த்த எவரையும் கேட்டுப்பாருங்கள். இரண்டு மாதத்தில் குட்டி, குழையைக் கண்டாலே மனிதர் மாதிரி எழும்பி நின்றது.

"அப்பா, இது பழகிப்போகும்," என்றாள் மகள்.

"நீ உன்ர நடையைப் பழக்கு. தீனை நான் பாக்கிறன்."

கண்காட்சியன்று வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகள், பவுடர் போட்டது மாதிரி ஆடுகள். வட்டத்தைச் சுற்றிக் கம்பம் நட்டு, அழகுக்காம், ஒவ்வொன்றின் உச்சியிலும் பச்சைக் கொப்பு கட்டியிருந்தார்கள். தின்கிற சாமானை ஆட்டுக்கு மேலே அலங்காரமாகக் கட்டுகிற புத்தி வேறு எவருக்கு வரும்?

மகள் ஒரு சுற்று வந்தாள். கயிறு தளர்ந்திருந்தது, குட்டி தலையை நிமிர்த்தி அவளுடைய முழங்காலோடு ஒட்டி நடந்தது. வேலிக்கு வெளியே நின்ற நானே சிரிப்பை மறந்து பார்த்தேன். நடுவர் அவளை ஒரு கம்பத்தடியில் நிற்கச் சொன்னார். நின்றாள். குட்டி மேலே பார்த்தது. அடுத்த கணம் பின்னங்காலில் எழும்பி, முன்னங்காலைக் கம்பத்தில் ஊன்றி, கொப்பை இழுத்துத் தின்னத் தொடங்கியது. அவள் இறக்கினாள். அது திரும்பவும் எழும்பியது. நடுவர் பேனையோடு காத்து நின்றார்.

"பாருங்கோ தொடையை!" என்று நான் பலமாகச் சிரித்தேன். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

கடைசி இடம். அதற்கும் ஒரு நாடா கொடுத்தார்கள். தோற்றவனுக்கும் பரிசு கொடுக்கிற நாடு இது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய், வளையில் நான் கட்டிய கயிறுகளை அறுத்தாள்.

"அவையள் பிறகுதான் சிரிச்சவை, அப்பா. முதல் சிரிச்சது நீங்கள்."

ஆட்டைக் குளிப்பாட்டுகிறவர்களை இன்றைக்கும் நான் மதிப்பதில்லை. ஆனால் அன்று வேலிக்கு வெளியே வாயைத் திறந்துகொண்டு நின்றவனை நினைத்தால், அவர்கள் எவ்வளவோ மேல். அடுத்த வருடமும் அவள் ஒரு குட்டி பழக்கினாள். வாளியில் தீன் வைத்தாள். கொட்டிலுக்குள் வர என்னை விடவில்லை.