தேனீயை அனுப்பிய தகப்பன்

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்க்கிறேன். பழங்காலக் களிமண் பலகைகள் இருக்கும் அறையில்தான் பெரும்பாலும் எனக்கு ஷிப்ட். போன குளிர்காலத்தில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள். இன்றைய துருக்கி மண்ணில் முன்பு வாழ்ந்த ஹத்தி மக்களுக்குத் தாரு என்றொரு தெய்வம். இடியும் மழையும் அவர் கையில். அவருடைய மகன் தெலிபினு ஒருநாள் கோபித்துக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டபடி வீட்டை விட்டுப் போய்விட்டானாம். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மகன் போய் அப்போதே இரண்டு வருடம். அவனைக் கேட்காமல் குறிப்புப் பொருத்தம் பார்த்து, பெண் வீட்டாருக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். கேட்டால் மறுப்பான் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தாரு மகனைத் தேடிப் போனாராம். மகனுடைய நகரக் கதவைத் தட்டித் தட்டிச் சுத்தியல்தான் உடைந்தது. கதவு திறக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வானத்தையே அதிரவைக்கிறவரின் கெட்டித்தனம் அவ்வளவுதான். நானும் லூயிஷாமில் மகனின் பிளாட்டுக்குக் கீழே நின்று மணியடித்துவிட்டு, நனைந்தபடி திரும்பினவன்தான்.

பிறகு தாய்த்தெய்வம் ஒரு தேனீயை அனுப்பியது. தூங்கிக்கிடந்தவனைக் கண்டுபிடித்து அது கொட்ட, அவன் இன்னும் மூர்க்கமாக எழுந்தான். நான் அனுப்பியது மனைவியின் தம்பியை. தாய்மாமனுக்குக் கண்டிக்க உரிமை உண்டு என்பது எங்கள் வழக்கம். அவன் என் மகனின் வேலைத்தலத்துக்கே போய், எல்லோர் முன்னாலும் அந்த உரிமையைக் காட்டியிருக்கிறான். திரும்பி வந்து வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னான்:

"அத்தான், அவன் இனி வரமாட்டான். அம்மா செத்தாலும் தனக்கு அறிவிக்க வேண்டாமாம்."

அவன் போனதும் மனைவி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தாள்.

"என்னவாம்? பிள்ளை சுகமா இருக்கிறானோ?"

"ஓம். உன்னைத்தான் கேட்டவனாம். கொஞ்ச நாளிலை வாறன் எண்டவனாம்."

கதையில் தெலிபினு கடைசியில் திரும்பி வருகிறான். அவன் கோபத்தைப் பாதாளத்திலுள்ள வெண்கலச் சாடிகளில் அடைத்து மூடிவிடுகிறார்களாம். என் மகன் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டான். இனி வரமாட்டான், எனக்குத் தெரியும். மனைவிக்கு மட்டும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மனோர் பார்க் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்கிறாள். நேற்று அவன் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வந்தாள். விரிக்கும்போது மறுமுனையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.