செல்லப்பாண்டிக்கு மூக்காக இருந்தவள்

மீன் தொட்டிக்குக் குளிர் ஏற்றப் போன இடத்தில் செல்லப்பாண்டி தீயில் சிக்கிவிட்டார் என்று அவர் ஊரான பேத்துப்பாறைக்குச் செய்தி வந்தபோது யாரும் நம்பவில்லை. ஐஸ் பெட்டியில் எங்கிருந்து தீ வரும்? கூடவே நின்றிருந்த அவர் மனைவி ராஜேஸ்வரிக்கே இன்றுவரை நம்ப முடியவில்லை.

முப்பது வருடமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவர். திண்டுக்கல்லில் தொழில் பழகி மலைக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒரே கேலிதான். "ஏலே, கொடைக்கானல்ல எதுக்குலே ஃப்ரிட்ஜு? பாலை வாசல்ல வச்சாப் போதாதா?"

"வையிங்க மாமா. வெள்ளனே காட்டுமாடு வந்து காப்பி கேக்கும்" என்பார்.

கொரோனா வந்துபோன பிறகு அவருக்கு வாசனை தெரியாமல் போயிற்று. கேஸ் கசிந்தால் எண்ணெய் வாடை, மோட்டாரின் கம்பிச்சுருள் கருகினால் வேறு வாடை. இரண்டும் தெரியாமல் தொழில் எப்படி? காரட் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ராஜேஸ்வரியை பைக்கில் ஏற்றிக்கொண்டார். போகிற இடமெல்லாம், "இது சம்பளமில்லாத மூக்கு" என்று காட்டுவார்.

"வாய்க்குத் தனியாக் குடுக்கணும்" என்பாள் அவள்.

ஜனவரியில் ஓர் ஓட்டல் மேனேஜர் குமரகுரு கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் டிரவுட் மீன்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் அவை பிழைக்கும். விருந்தாளிகளுக்காகக் கூடத்தில் ஹீட்டர் ஓடியதால், மீன்களுக்கென்று ஒரு சில்லர் வைத்திருந்தார்கள். அது குளிர்விப்பதை நிறுத்திவிட்டது.

"வெரசா பாருங்கண்ணே. ரெண்டு மீன் மல்லாந்து கெடக்கு."

சில்லர் இருந்தது கூடத்துக்குப் பின்னால், ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில். அங்கே விரல் விறைத்தது. அத்தனை குளிரில், புதிதாக ஏற்றக் கொண்டுவந்த சிலிண்டரிலிருந்து கேஸ் சரியாக இறங்காது. அதனால் கரிக் கணப்பு மூட்டி, மேலே வெந்நீர்ச் சட்டி வைத்து, அதில் சிலிண்டரை நிறுத்துவது செல்லப்பாண்டியின் வழக்கம். அன்றும் கணப்பைத் தரையில் வைத்தார்.

சோப்பு நுரை தடவியதும் குழாயின் ஓர் இணைப்பில் குமிழி கிளம்பியது. அதை உலோகம் உருக்கிப் பற்றவைத்து அடைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்ற வேண்டும். வால்வில் கை வைத்தவர் நிறுத்தினார். உள்ளே எந்த கேஸ் என்று சொல்லும் ஸ்டிக்கரின் மேல் யாரோ பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள்.

"இப்ப சில பெட்டியில எரியிற கேஸு போடுறானுக ராஜி. கொஞ்சமா விடுறேன். அடுப்பு கேஸ் வாடை வந்தாச் சொல்லு."

அவள் குனிந்து முகர்ந்தாள். "எண்ணெய் வாடைதேங்க. வேற ஒண்ணுமில்ல."

"அப்பப் பழைய கேஸுதேன், எரியாது." முழுதாகத் திறந்துவிட்டார்.

துணி எடுக்க அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். முதுகில் வெளிச்சம் விழுந்தது. சத்தம் அப்புறம்தான். தரையிலிருந்து நீலமாக எழுந்த தீ, குத்தவைத்திருந்த மனிதரைப் போர்த்தி ஒரே நொடியில் அடங்கியது. அவர் போட்டிருந்த நைலான் ஜாக்கெட்டில் பிடித்தது அடங்கவில்லை. அவர் கத்தவில்லை. "தள்ளி நில்லுத்தா" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார்.

ராஜேஸ்வரி யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. அன்று காலை அவளுக்குச் சளி. சொன்னால் தன்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடுவார் என்று மறைத்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, செல்லப்பாண்டி வழக்கமாக கேஸ் வாங்கும் திண்டுக்கல் கடைக்காரர் முருகவேல் வந்தார். அவரிடம்தான் அவளுக்கு வாய் திறந்தது. "எனக்குச் சளிண்ணே. மறைச்சுட்டேன். எம் மூக்குதேன் அவரக் கொன்னுருச்சு."

முருகவேல் டம்ளரைக் கீழே வைத்தார். "சளி இல்லாட்டியும் தெரிஞ்சிருக்காதும்மா. அடுப்பு சிலிண்டர்ல அந்த நாத்தத்த வேணும்னே கலக்குறாங்க, கசிஞ்சாத் தெரியணும்னு. சில்லர்ல போடுறதும் அதே மாதிரி எரியும். ஆனா அதுல நாத்தம் கலக்க மாட்டாங்க."

"அவருகிட்ட இத ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

"நாங்கூடச் சொல்லலம்மா" என்றார் முருகவேல், தலை நிமிராமல்.

அவர் போனபின் அடுப்படிக்குப் போனாள். பற்றவைக்காமல் அடுப்புக் குமிழை லேசாகத் திருப்பினாள். அழுது அழுது அடைத்துக் கிடந்த மூக்குக்கும் அந்த நாற்றம் உடனே எட்டியது. சட்டென்று மூடிவிட்டு, குமிழில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.