ரின்மீன் தின்ற தீவு

சுனாமி எங்கள் தீவை லேசாகத்தான் தொட்டது. கிழக்குக் கரையில் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன கடல், அல்லைப்பிட்டிப் பக்கம் வந்தபோது முழங்கால் அளவுக்கு ஏறி, கரையில் காய்ந்த வலைகளை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. அழிவுதான் குறைவு, நிவாரணத்துக்குக் குறைவில்லை. முதலில் வந்த லொறி வலை கொடுத்தது. என் கணவருடைய வலையும் போயிருந்ததால் அவருக்கும் புது வலை ஒன்று கிடைத்தது. அதை முற்றத்தில் விரித்து விரித்துப் பார்த்தார். எனக்குக் கூறைச்சேலை எடுத்த அன்றுகூட இந்த மனிதர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

வலையும் வந்தது, மீனும் பட்டது. வாங்கத்தான் ஆளில்லை.

கடலோடு போனவர்களை மீன்கள் தின்றிருக்கும் என்று ஒரு கதை பரவியிருந்தது. யார் தொடக்கிவிட்டார்களோ தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கத் தீவு முழுவதும் ஐயர் வீடாகிவிட்டது. இவர் சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு புளியங்கூடல் வரை போவார், போன பாரத்தோடேயே திரும்பி வருவார். முன்பெல்லாம் மணிச்சத்தம் கேட்டதும் சட்டியோடு படலைக்கு ஓடிவந்த பெண்கள், இப்போது அதே சத்தத்துக்குக் கதவைச் சாத்தினார்களாம். விற்காத மீனைத் தென்னைக்கு அடியில் புதைத்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் கொழுத்தது தென்னை மட்டும்தான்.

இவருக்கு வாய் காணாது, நான் நின்றால் விற்றுவிடலாம் என்று நினைத்து ஒரு நாள் சந்தைக்கு நானும் போனேன். வழக்கமாக எங்களிடம் வாங்குகிற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள். விடுவேனா? ஒரு சூடை மீனைத் தூக்கி அதன் வாயைத் திறந்து காட்டினேன்.

"இந்த வாயைப் பாரும் பிள்ளை. இதுக்குள்ளை ஒரு சோத்துப் பருக்கை போகுமோ?"

அவள் குனிந்து கவனமாகப் பார்த்தாள். "ஓம் அக்கா, இது திண்டிராதுதான். ஆனால் பெரிய மீன் திண்ட மிச்சத்தை இது திண்டிருக்குமெல்லோ?"

சூடையின் வாயை மூடி, என் வாயையும் மூடிக்கொண்டேன்.

அன்று திரும்பி வரும்போது இவர் சொன்னார்: "இஞ்சாரும், இப்பிடியே போனால் ஏலாது. படகு எஞ்சினை வித்துப்போட்டுக் கொழும்புக்குப் போறன். தெரிஞ்ச ஆள் ஒருத்தற்றை கடையிலை நிக்கலாம்."

பத்து நிமிடம் ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்கத் தெரியாத மனிதர். கடலில் வாயே திறக்காமல் விடியும்வரை இருப்பார், கரையில் பிடித்துவைத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் வந்துவிடும். அவர் ஒரு கடைக்குள் நின்று சீனி நிறுத்துக் கட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் எஞ்சின் வாங்குவதற்கு ஊர்காவற்றுறையில் ஒருவரைப் பேசியும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த லொறி வந்தது. அரிசி, பருப்பு, மா, கூடவே பெட்டி பெட்டியாக ரின்மீன். மீன் பிடிக்கிற ஊருக்கு ரின்னில் அடைத்த மீன்! ஒரு லொறி மீன் பிடிக்க வலை தருகிறது, அடுத்த லொறி அந்த மீனை யாரும் வாங்காதபடி பார்த்துக்கொள்கிறது. மீன் என்ற சொல்லையே கேட்க மாட்டோம் என்றிருந்த சனம் இந்த ரின்னுக்கு வரிசையில் நின்றது. பக்கத்து வீட்டு முதலாளி எல்லாருக்கும் முன்னால் நின்றார். தெற்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இப்போது கடை இல்லை, ஆனாலும் ஊருக்கு அவர் முதலாளிதான்.

"நீங்களுமோ முதலாளி?" என்று கேட்டேன்.

"ரின்மீன் வேறை, மீன் வேறை, பிள்ளை. இது வெளிநாட்டுக் கடல்" என்றார்.

அன்று பின்னேரம் எல்லாக் குசினியிலும் ரின்மீன் குழம்பு மணத்தது. எங்கள் குசினியிலும்தான், பிள்ளைகளுக்கு வேறு எதைக் கொடுப்பது? இவர் தட்டில் கிடந்த துண்டைப் புரட்டிப் பார்த்து, "இதின்ரை தலை எங்கை?" என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை லொறி வந்தபோது ரின்னைத் திருப்பி அதில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். வரிசை முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"முதலாளி, இது தாய்லாந்து மீன். அங்கையும் கடல் பொங்கினதெல்லோ?"

முதலாளி ரின்னைக் காதருகில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மெல்லப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். இனி எங்கள் மீனிடம் வரத்தானே வேண்டும் என்று வீட்டுக்கு வீறாப்பாக வந்தேன். சனம் பருப்புக்குப் போய்விட்டது.

"நல்ல வேலை செய்தீர்" என்றார் இவர். "இனி ரின்னும் இல்லை, மீனும் இல்லை. உமக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?"

எஞ்சின் பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. அன்று விடியற்காலையும் கடலுக்குப் போய், பட்ட ஒட்டி மீன்களைச் சந்தையில் பரப்பி வைத்திருந்தார். கடைசி நாள் என்று நானும் பக்கத்தில் நின்றேன். முதலாளி மரக்கறிப் பையோடு வந்து, துக்கம் விசாரிப்பது போல எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். வடமராட்சி கிழக்கிலிருந்து வந்து எங்கள் ஊரில் தமக்கை வீட்டில் இருந்தவள். கணவரையும் மூத்த மகனையும் கடல் கொண்டுபோயிருந்தது. உடல்கள் கிடைக்கவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்கள் மீனுக்கு முன்னால் அவள் குந்தியபோது சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு ஒட்டியை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"வெளிறிப்போச்சே அண்ணை. எப்ப பட்டது?"

"விடியப் பட்டது, தங்கச்சி. ஐஸ் போடேல்லை."

விலையைக் கேட்டாள். இவர் சொன்னார். "இந்த ஒட்டிக்கோ? எங்கடை பக்கம் இந்த விலைக்கு ஒருத்தரும் தொடமாட்டினம். பாதிக்குத் தாங்கோ" என்றாள்.

எத்தனையோ நாளாக இவரோடு விலை பேச ஓர் ஆள் வரவில்லை. மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. "உங்கடை பக்கத்து ஒட்டிக்கு இந்த ருசி வருமோ?" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, முகம் கறுத்துப்போய், மீன்களை ஒரு பையில் அள்ளிப் போட்டு நீட்டினார். "கொண்டு போம் தங்கச்சி. காசு வேண்டாம்."

அவள் பையை வாங்கவில்லை.

"நான் நிவாரணத்துக்கு வரேல்லை, அண்ணை. மீன் வாங்க வந்தனான். சின்னவளுக்குப் பருப்போடை சோறு இறங்குதில்லை."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, உமக்கு மனம் வருகுதோ?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மீன் என்ன செய்தது ஐயா? என்ரை மனிசன் இருந்தால் இண்டைக்கு அவரும் எங்கையாவது ஒரு சந்தையிலை இப்பிடித்தான் மீனோடை நிண்டிருப்பார். வாங்க ஆளில்லாமல்."

காசை எண்ணி வைத்தாள், அவள் கேட்ட விலைக்கு. இவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அழுதேன். அவள் அழவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவசரமாகப் போனாள்.

முதலாளி மரக்கறிப் பையின் வாயை அகலமாக விரித்து இவர் முன்னால் நீட்டினார்.

பின்னேரம் எஞ்சின் பார்க்க வந்த ஆளுக்கு ஒட்டிக் குழம்பும் சோறும் போட்டேன். மனிதர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எஞ்சின் எங்கே என்று கேட்டபோது, அது இவரோடு கடலுக்குப் போய்விட்டது என்றேன்.