நேர்ந்துவிட்ட சேவல்

கணவன் ஆறுமுகத்தாருக்கு மலேரியாக் காய்ச்சல் மாறினால் சேவல் பலியிடுவதாக வல்லியம்மை வைரவருக்கு நேர்ந்திருந்தாள். அவர் எழும்பிவிட்டார். ஆனால் வேள்விக்கு முன்னரே, அவள் குஞ்சிலிருந்து வளர்த்த அந்தச் சேவலின் காலை நாய் கடித்துக் குதறிவிட்டது. அவள் மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசி, ஈர்க்கு வைத்துக் கட்டி, குரக்கன் கூழை விரலால் ஊட்டினாள்.

“வெட்டப்போற சேவலுக்கு ஏனப்பா உந்த வைத்தியம்?” என்றார் அவர்.

“அதுக்காக நோகவிடேலுமே?” என்றாள்.

வேள்வியன்று சேவல் கோயில் வாசலில் நொண்டியபடியே நின்றது. பூசாரி குனிந்து பார்த்தார்.

“ஊனமானதை வைரவர் ஏற்கமாட்டார், பிள்ளை. வடைமாலை சாத்திவிடு.”

வல்லியம்மை கும்பிடவும் மறந்து, சேவலைச் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வேகத்துக்கு ஆறுமுகத்தாரால் ஈடுகொடுக்க முடியவில்லை.